நரம்புத் தளர்ச்சிக்கு நான் குத்திய சீல்

போன மாதம் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தாதிப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். நரம்பு நோய்களுக்கென்று அங்கே இப்போது தனிக் கிளினிக் நடக்கிறதாம். நோயாளிகளுக்குக் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறார்கள். “எழுத்துப் பிழை பாத்துத் தாங்க மிஸி” என்று நீட்டினார்கள். பிழை பிடிக்கிறவள் என்று எனக்கிருந்த கெட்ட பெயர் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. தலைப்பைப் பார்த்தேன். ‘நரம்புத் தளர்ச்சி: நீங்கள் அறிய வேண்டியவை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சிவப்புப் பேனையை எடுத்துக் கடதாசி கிழியும் அளவுக்கு அதை வெட்டினேன்.

“ஏன் மிஸி, எழுத்து சரிதானே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எழுத்து சரி. சொல்லுத்தான் ஆளக் கொல்லும்” என்றேன். பிறகு காரணத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி பாயில் ஊற்றுப்பட்டது. இதை எழுதுங்கள் என்று நச்சரித்தார்கள். எழுதுகிறேன். என் பிழையை நானே எழுதினால் கொஞ்சம் குறைத்து எழுதலாம் என்ற நப்பாசையும் உண்டு.

என் தகப்பனார் மெதடிஸ்த உபதேசியார். எங்கள் வீட்டில் ‘கர்ப்பம்’ என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்த வீட்டிலிருந்து தாதிப் பயிற்சிக்குப் போய், மூன்று வருடம் படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், ஊசி அவிக்கவும், தலைமைத் தாதி மேற்றனுக்குப் பயப்படவும் பழகினேன். நரம்புத் தொகுதியைப் பரீட்சைக்காகப் பாடமாக்கி, பரீட்சை மண்டபத்திலேயே கொட்டிவிட்டு வந்தேன். ஒரு நரம்புக்கலம் இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது என்பது, வேலையில் சேர்ந்து முப்பது வருடத்துக்குப் பிறகு, ஒரு ஒலிபெருக்கிக்காரனால்தான் எனக்கு விளங்கியது.

அப்போது எங்கள் வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் டொக்டர் குகதாசன். யாழ்ப்பாணத்துக்காரர். நெடுத்து மெலிந்த மனிதர். சிரிப்பதென்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். சட்டைப் பையில் ஒரு சின்ன டோர்ச் வைத்திருப்பார். ஒவ்வொரு நோயாளியின் கண்ணையும் பார்த்த பிறகு அதன் பற்றரியைக் கழற்றி மற்றப் பையில் போடுவார். அடுத்த கட்டிலில் திரும்பப் பூட்டுவார். முப்பது கட்டிலுக்கு முப்பது தரம். பற்றரி தேயக்கூடாதாம். நாங்கள் தேய்வதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

அவருடைய ஒரே கேள்வி “எத்தினை மணிக்கு?” என்பது. இருமல் என்றால் எத்தனை மணிக்கு, வயிற்றுக்குத்து என்றால் எத்தனை மணிக்கு. ஒருமுறை கிரானிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர், “மணிக்கூடு இல்ல டொக்டர், மாடு பட்டிக்கு வாற நேரம் குத்தும்” என்றார். “மாடு எத்தினை மணிக்கு வாறது?” என்றார் டொக்டர். யாராவது ‘சும்மா ஒரு அசதி’ என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். “சும்மா எண்டு ஒரு வருத்தம் இல்லை” என்பார். எனக்கு அந்த மனிதர்மேல் எரிச்சலும் இருந்தது, மரியாதையும் இருந்தது. எரிச்சல் காலையில் கொஞ்சம் கூடுதல்.

அந்த ஒலிபெருக்கிக்காரன் அருளானந்தத்தை எங்களிடம் முதலில் கொண்டு வந்தபோது அவன் நோயாளியாக வரவில்லை, குற்றவாளியாக வந்தான். சுனாமிக்கு அடுத்த வருடம் அது. குருக்கள்மடத்துப் பக்கத்து ஆள், முப்பது தாண்டிய வயது. ஓட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவித்தல் செய்வது தொழில். செத்த வீடு, திருவிழா, காணாமற்போன மாடு எல்லாவற்றுக்கும் அவன்தான். சுனாமிக்குப் பிறகு அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. கடற்கரை முழுக்க நிறுவனங்கள். ஒன்று வாளி கொடுக்கும், ஒன்று பாய் கொடுக்கும், ஒன்று கூட்டம் மட்டும் வைக்கும். அத்தனைக்கும் அருளானந்தத்தின் வாய்.

நல்ல குரல். அவன் “அன்பார்ந்த பொதுமக்களே” என்றால் அடுப்பில் வைத்த சோற்றை விட்டுவிட்டுப் பெண்கள் வேலிக்கு வருவார்கள். ஆனால் சில மாதங்களாகப் பின்னேரங்களில் அந்தக் குரல் மூக்கால் வந்தது. சொற்கள் வழுகின. கண்மடல் பாதி இறங்கிக் கிடந்தது. குடிக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு நிறுவனம் நுளம்பு வலை கொடுப்பதாக அறிவிக்கச் சொன்னது. காலையில் போன ஊர்களில் ஒரு குழப்பமும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு மீனவர் குடியிருப்புக்குப் போனபோது ‘நுளம்பு’ அவன் மூக்குக்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வந்தது ‘வலை’ மட்டும். தோணியையும் வலையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு இருந்த சனம். மறுநாள் விடியச் சாக்கும் கயிறுமாக வரிசையில் நின்றார்கள், ஒருவர் மாட்டு வண்டிலே கொண்டு வந்திருந்தார். கட்டிலுக்குக் கட்டும் வெள்ளை வலையை அவர் கையில் கொடுத்ததும் விரித்துப் பார்த்துவிட்டு, “இதக் கொண்டு போய்க் கடல்ல நான் என்னத்தப் புடிக்கிற, நுளம்பா?” என்று கேட்டாராம். பிறகு நாலு பேர் அருளானந்தத்தைச் சட்டையில் பிடித்து எங்களிடம் இழுத்து வந்தார்கள். “இவனுக்குக் குடி முத்திற்று. ரெத்தம் எடுத்துப் பாருங்க” என்றார்கள்.

டொக்டர் அவனுடைய வாயை மணந்து பார்த்தார். வெற்றிலை மணம். பிறகு வழக்கமான கேள்வி.

“உந்தக் குரல் எத்தினை மணிக்குப் பழுதாகிறது?”

“காலையில நல்லாயிரிக்கி டொக்டர். பகல் திரும்பினாத்தான் கரைச்சல். நாக்கு என்ட சொல்லுக் கேக்கிறல்ல. கண்ணுந்தான். சோறு சப்பச் சப்ப வாய் களைச்சுப் போகுது.”

“நித்திரை கொண்டு எழும்பினால்?”

“மறுகா நல்லா வந்திரும்.”

டொக்டர் இழுத்து வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். “குடிகாரன் காலமைதான் மோசமா இருப்பான். இவர் தலைகீழ். ஆளை விட்டிட்டுப் போங்கோ” என்றார். அவர்கள் நம்பவில்லை. எனக்கும் பாதி நம்பிக்கைதான்.

அவனைக் கட்டிலில் இருத்தி, தலையை அசைக்காமல் முகட்டைப் பார்க்கச் சொன்னார். நான் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் போக இடது மடல் இறங்கத் தொடங்கியது. இரண்டாவது நிமிடத்தில் கடைப் பலகை போட்ட மாதிரி மூடிவிட்டது. “சரி, இனி ஐஸ் கொண்டு வாங்கோ” என்றார் டொக்டர். வார்ட்டின் குளிர்ப்பெட்டியில் இன்சுலின் மட்டும்தான் இருந்தது. பதினோராம் கட்டிலில் ஏறாவூர் மீன் வியாபாரி ஒருவர் காலில் புண்ணோடு படுத்திருந்தார். அவருடைய லொறி வாசலில் நின்றது.

“காக்கா, கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?” என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“எத்தின பெட்டி மிஸி?”

“ஒரு கைப்பிடி காணும்.”

அந்த மனிதர் ஆளை விட்டு ஒரு பெட்டியே இறக்குவித்தார். ஐஸை நொறுக்கி, ஊசி போடும்போது அணியும் கையுறைக்குள் போட்டு முடிந்து, மூடிய கண்ணின் மேல் இரண்டு நிமிடம் வைத்தேன். “மிஸி, கண்ணுக்குள்ள கீரிமீன் மணக்குது” என்றான் அருளானந்தம். எடுத்துப் பார்த்தால் கண் முழுதாகத் திறந்திருந்தது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். பதினோராம் கட்டில்காரர் தன் ஐஸின் மகிமையைப் பற்றி அன்று முழுவதும் பேசினார்.

டொக்டர் ஒரு பழைய மருந்துத் துண்டின் பின்புறத்தில் எனக்குப் படம் கீறிக் காட்டினார்.

“இஞ்சை பாருங்கோ மிஸி. நரம்பு வந்து தசையிலை முட்டுறேல்லை. இடையிலை ஒரு வெளி இருக்கு. மூளைக்குள்ளையும் அப்பிடித்தான், ஒரு நரம்புக்கலம் மற்றதிலை முட்டுறேல்லை. மின்சாரம் நரம்பு முனை வரைக்கும் வந்து நிண்டிடும்.”

“அப்ப செய்தி எப்பிடி அங்கால போகும்?”

“இரசாயனமாப் போகும். முனையிலை சின்னச் சின்னப் பைகள். மின்சாரம் வந்தோடனை பை உடைஞ்சு தூதுப்பொருள் வெளியிலை வரும். வெளியைக் கடந்துபோய் மற்றப் பக்கத்திலை இருக்கிற ஏற்பியிலை குந்தும். அப்பதான் தசை சுருங்கும். குந்தின கையோடை ஒரு நொதியம் வந்து அந்தத் தூதைச் சிதைச்சுப்போடும், அடுத்த செய்திக்கு இடம் வேணுமெல்லோ.”

“இவ்வளவும் கண் இமைக்கிற நேரத்துக்குள்ளயா?”

“கண் இமைக்கிறதே இதாலைதான்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

அருளானந்தத்தின் உடம்பு தன் ஏற்பிகளையே எதிரி என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தது. தூது போதுமான அளவு வருகிறது, குந்த இடமில்லை. காலையில் தூது நிறைய இருப்பதால் எப்படியோ சமாளிக்கும். வேலை செய்யச் செய்ய அது குறையும், தசை ஓய்ந்துவிடும். குளிரில் நொதியம் மந்தமாகும், தூது கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். ஐஸ் செய்தது அதைத்தான்.

உறுதிப்படுத்த மறுநாள் பின்னேரம் ஊசி. நாடி விழுந்துவிடாமலும் வயிறு முறுக்காமலும் முதலில் அத்ரோப்பின், பிறகு நியோஸ்டிக்மின். நான் நாடியைப் பிடித்தபடி நின்றேன். வழக்கமாக நோயாளியை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்வார்கள், எந்த எண்ணில் குரல் விழுகிறது என்று பார்க்க. டொக்டர், “நீங்கள் எண்ண வேண்டாம். உங்கடை மரண அறிவித்தலைச் சொல்லுங்கோ” என்றார்.

ஊசிக்கு முன் இரண்டாவது வரியிலேயே குரல் மூக்குக்குள் போய்விட்டது. ஊசி போட்டுக் கால் மணித்தியாலம் கழித்து, “திரும்பச் சொல்லுங்கோ” என்றார். அருளானந்தம் எழுந்து நின்று கையைக் காதில் வைத்தான். “அன்பார்ந்த பொதுமக்களே, கிரானைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கணபதிப்பிள்ளை அவர்கள் இன்று காலை காலமானார்.” மணி அடித்த மாதிரிக் குரல். மாதக்கணக்காகக் கேளாத தன் குரலைக் கேட்ட சந்தோசத்தில் முழுவதையும் இரண்டு தரம் சொன்னான். தன் ஊர்ப் பெயரைச் சொன்னால் பார்க்க வந்த சனம் பயந்துவிடும் என்று தூரத்து ஊரையும் வாயில் வந்த பெயரையும் போட்டிருக்கிறான், பாவம். ஆறாம் கட்டிலில் இருந்தவர் கிரான் கணபதிப்பிள்ளை. அவருடைய மனைவி சோற்றுப் பார்சலோடு அப்போதுதான் வாசலில் காலை வைத்தாள். பார்சல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். “அடியே, நான் இரிக்கன்” என்று கணபதிப்பிள்ளை கத்த, செத்தவர் பேசுகிறார் என்று அவள் இன்னும் கூட அலறினாள். ஊசியின் பலன் பற்றி டொக்டருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

குளிசை கொழும்பிலிருந்து வந்தது. நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று, நேரம் தப்பக்கூடாது. பிறகு யுத்தத்தின் கடைசி வருடங்களில் மருந்து லொறி வருவதும் வராததும் கடவுளுக்கே தெரியாமல் இருந்த காலத்தில், அவனுக்கென்று இரண்டு போத்தலை அலுமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். அதற்காக யாரும் இப்போது என்னை விசாரிக்க முடியாது, யுத்தம் முடிந்த வருடமே நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். குறைத்து எழுதலாம் என்று நினைத்தேன், முடியாது போலிருக்கிறது.

அருளானந்தத்துக்குக் கலியாணம் பேசியிருந்தது. பெண் தங்கேஸ்வரி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் பாலர் பாடசாலை ஆசிரியை. சுனாமியால் நாள் தள்ளிப் போயிருந்தது. அவன் குடிகாரன் என்ற கதை அங்கேயும் போய், பெண்ணின் தாய் பூரணம் நேரே என்னிடம் வந்தாள். “நீங்க சொன்னா நம்புவன் மிஸி. ஒரு துண்டு எழுதித் தாங்க, என்ட அண்ணனுக்குக் காட்ட வேணும்” என்றாள். டொக்டர் கிளினிக்கில் இருந்தார். அவரைக் கேட்கவில்லை. நோயாளியையும் கேட்கவில்லை. ஒரு மனிதன்மேல் விழுந்த பழியைத் துடைக்கிறேன் என்ற பெருமையில் பேனையை எடுத்துவிட்டேன்.

டொக்டர் சொன்ன ஆங்கிலப் பெயருக்குத் தமிழ் வேண்டுமே. நரம்பும் உண்டு, தசையும் உண்டு, பலவீனமும் உண்டு. தசை என்று எழுதினால் இறைச்சிக்கடை மாதிரி இருக்கும் என்று பட்டது. நரம்பு மரியாதையாக இருந்தது. வட்ட எழுத்தில் எழுதினேன்: ‘அருளானந்தம் என்பவருக்கு இருப்பது குடிப்பழக்கம் அல்ல. நரம்புத் தளர்ச்சி மாத்திரமே.’ கீழே கையொப்பம். அதன்மேல் வார்ட் சீலை ஓங்கிக் குத்தினேன்.

பாலம் இல்லாத துறைகளில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டை மிதவையை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்போம். பூரணம் பாதையில் ஏறியதும் துண்டை எடுத்தாள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற கடைக்காரரிடம் வாசிக்கக் கொடுத்தாள். அவர் முதல் வசனத்தை உரக்க வாசித்தார். இரண்டாவது வசனத்தில் குரலைத் தாழ்த்தினார். என்ன என்று கேட்க எல்லாரும் அவர் பக்கம் வந்ததில் பாதை ஒரு பக்கம் சரிந்ததாம். அதை ஓட்டிக்கொண்டிருந்தவரே பூரணத்தின் அண்ணன், பெண்ணின் தாய்மாமன் சின்னத்தம்பி. அவர் சொன்னது மூன்று நாளில் என் காதுக்கு வந்தது. “குடிகாரன் எண்டா அடிச்சுத் திருத்தலாம். இதுக்கு ஆருக்கு அடிக்கிற?”

கலியாணம் நின்றுவிட்டது.

அருளானந்தம் என்னை ஏச வந்தான். வந்த நேரம் பின்னேரம் நாலு மணி. “மிஸி, நீங்க என்ன வேல...” என்பது வரை விளங்கியது. மிச்சம் முழுக்க மூக்கால். கையை ஓங்கினான், கையும் பாதியில் இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. “தம்பி, நாளைக்குக் காலையில குளிசையப் போட்டிட்டு ஒன்பது மணிக்கு வாங்க. முழுசா ஏசலாம்” என்றேன். கேலிக்குச் சொல்லவில்லை, அது அவனுடைய உரிமை. சரியாக ஒன்பது மணிக்கு வந்து அரை மணித்தியாலம் ஏசினான். வார்ட் முழுக்கக் கேட்டது.

“பஸ் ஸ்டாண்ட் மதில்ல ஒட்டியிரிக்கிற வைத்தியர்மார்ட நோட்டீசு ஒண்டையும் நீங்க வாசிச்சதில்லையா? நரம்புத் தளர்ச்சி எண்டா என்னெண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

“நான் மதில் வாசிக்கிறதில்ல தம்பி” என்றேன். பக்கத்தில் நின்ற தாதி ஒருத்தி என் காதில் அர்த்தத்தைச் சொன்னாள். நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஆண்மை இல்லாதவன் என்று ஒரு மாப்பிள்ளைக்கு அரசாங்க சீல் குத்திக் கொடுத்திருக்கிறேன், அதுவும் ‘மாத்திரமே’ என்று.

ஏசி முடித்த பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். “அவ என்ட குரலக் கேட்டுத்தான் மிஸி என்னக் கட்ட ஓமெண்டவ. குரலும் போயிற்று, மானமும் போயிற்று. இனி என்னத்தக் கொண்டு நான் அந்தக் கரைக்குப் போற?”

டொக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர், “மிஸி, உதுக்குச் சீல் வேறை குத்தினனீங்களோ?” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அருளானந்தத்தின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, பெண் வீட்டாரைக் கூப்பிடச் சொன்னார்.

பூரணமும் சின்னத்தம்பியும் வந்தார்கள். தங்கேஸ்வரியும் வந்து வெளியே வாங்கில் இருந்தாள். டொக்டர் அதே படத்தைக் கீறி, வெளி, தூதுப்பொருள், ஏற்பி என்று விளக்கினார். சின்னத்தம்பி படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். “எனக்குப் படிப்பில்ல ஐயா” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணன், றோட் வாவிக்கரையில முடியுதா?”

“ஓம்.”

“மோட்டார் சைக்கிள் அதுக்கங்கால தானாப் போகுமா?”

“என்னெண்டு போற? பாதையில ஏத்த வேணும்.”

டொக்டர் குறுக்கே வந்தார். “பாதை எண்டால் றோட் தானே?”

“இல்ல டொக்டர், எங்களுக்குப் பாதை எண்டா றோட் முடியிற இடத்தில வாறது” என்றேன். அவர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். நான் சின்னத்தம்பியிடம் திரும்பினேன்.

“நரம்புதான் இந்தக் கரை றோட். தசை அந்தக் கரை. செய்தி பாதையில ஏறித்தான் போகுது. அங்கால போனா பாதையக் கட்டக் கட்டை வேணுமா?”

“கட்டை இல்லாட்டி ஆக்கள் இறங்கேலா.”

“அருளானந்தத்துக்கு அந்தக் கரையில கட்டை குறைவு. அவர்ட உடம்பே எதிரி எண்டு நினைச்சுப் புடுங்கிப் போட்டிருக்கு.”

“சொந்த ஆக்களே புடுங்கிறதா? அது எங்களுக்கு விளங்கும்” என்றார் சின்னத்தம்பி. சொந்த ஆட்களே சொந்த ஆட்களைச் சுட்ட காலம் அது; பூரணம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாதை போய்ச் சேர்ந்ததும் திரும்பு, திரும்பு எண்டு ஒரு ஆள் துரத்துவான். குளிசை அந்த ஆளக் கொஞ்சம் புடிச்சு வைக்கும். பாதை நிண்டு, இருக்கிற கட்டையில மாறி மாறிக் கட்டி, ஆக்கள இறக்கிப்போடும். அவ்வளவுதான்” என்று முடித்தேன்.

சின்னத்தம்பிக்கு முகம் தெளிந்தது. நானும் பெருமூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“விளங்கிற்று மிஸி. இந்தத் துறையில கட்டை இல்ல. மற்றத் துறை எப்பிடி?”

“எந்தத் துறை?”

பூரணம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். எனக்குக் காது சுட்டது. “அதில ஒரு குறையுமில்ல” என்றேன் அவசரமாக.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் அவர், நியாயமாகவே.

உபதேசியார் மகளான நான் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன். டொக்டர் பேனையை மூடினார். “இஞ்சை பாருங்கோ, இந்த வருத்தம் மனிசன்ரை சொல்லுக் கேக்கிற தசையளுக்கு மட்டும்தான் வரும். கண்மடல், நாக்கு, கை, கால். நீங்கள் கேக்கிறது சொல்லுக் கேக்கிற சாமானே?”

சின்னத்தம்பி யோசித்தார். பிறகு மேசையில் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. “இல்ல ஐயா, இந்த வயசிலயும் கேக்கிறல்ல” என்றார்.

பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. “எங்களுக்கு விளங்கிற்று. படுவான்கரைக்கு ஆர் விளங்கப்படுத்திற? கலியாணத்தண்டைக்கு எல்லாரும் அவர்ட முகத்தத்தான் பாப்பாங்க” என்றாள். அது உண்மை. அருளானந்தம் அன்று கண்ணைத் திறந்து, கையை உயர்த்தி, எல்லார் முன்னாலும் தாலியைக் கட்டிக் காட்ட வேண்டும். தவறினால் என் துண்டை ஊர் மறுபடி வாசிக்கும்.

வெளியே வந்தபோது தங்கேஸ்வரி எழுந்து நின்றாள். “காலையில அவர் எங்கட நேர்க்கரையால போனா, தண்ணிக்கு மேலால குரல் எங்கட வீட்டுக்குக் கேக்கும் மிஸி. இப்ப கேக்கிறல்ல. திரும்ப வருமா?” என்றாள். ஊர் முழுக்கக் கேட்ட மற்றக் கேள்வியை அவள் கேட்கவில்லை. “நேரத்துக்குக் குளிசை போட்டா வரும்” என்றேன்.

சுபநேரம் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். ஆறு மணிக்கு ஒரு குளிசை, பத்து மணிக்கு ஒன்று என்று நானே எழுதிக் கொடுத்தேன், சீல் இல்லாமல். மாப்பிள்ளை வீட்டாரோடு நானும் போனேன். இந்தக் கரையில் ஆமியின் சோதனை, அந்தக் கரையில் இயக்கத்தின் சோதனை. பலகாரப் பெட்டிகளை அவிழ்த்துக் கட்டுவதற்குள் பத்து மணி போயே போய்விட்டது. படுவான்கரையில் இறங்கி, “குளிசை போட்டாச்சா?” என்றேன். அருளானந்தம் புதுப் பட்டுச் சட்டையைத் தடவினான். அதில் பை இல்லை. குளிசை டப்பா நாங்கள் ஏறிய கரையில் நின்ற ஓட்டோவுக்குள். சின்னத்தம்பி பாதையைத் தனியே திருப்பிக்கொண்டு போனார்.

பன்னிரண்டாகப் பத்து நிமிடம், அவர் இன்னும் திரும்பவில்லை. ஐயருக்கு அடுத்த கலியாணம் ஒன்றும் இருந்தது. முன்வரிசையில் என் துண்டை வாசித்த கடைக்காரர் கால்மேல் கால் போட்டு இருந்தார். மாப்பிள்ளையின் இடது மடல் பாதி இறங்கிவிட்டது. பின்னால் பெண்கள் குசுகுசுத்தார்கள். நான் பேசாமல் ஜெபம் பண்ணினேன், ஐயரின் மந்திரத்துக்குக் குறுக்கே.

தாலியைக் கையில் கொடுத்தார்கள். அருளானந்தம் எழுந்து கைகளை உயர்த்தினான். முதல் முடிச்சு வழுகியது. கையை இறக்கி, மூச்செடுத்து, திரும்ப உயர்த்தினான். இரண்டு கைகளும் அப்படியே அவளுடைய தோளில் விழுந்து கிடந்தன. மேளகாரர் தூக்கிய கோலோடு நின்றார். அவனுடைய நெற்றியில் வேர்வை ஓடியது. அவன் வாய் ஏதோ சொல்லப் பார்த்தது, சத்தம் வரவில்லை. நான் எழுதிய அந்த ஒரு சொல் எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. செத்துப்போகலாம் போலிருந்தது எனக்கு.

தங்கேஸ்வரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மருதோன்றி போட்ட இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனாள். தோளில் கிடந்த அவன் விரல்களைத் தேடிப் பிடித்தாள். அந்த விரல்களுக்கு மேலே தன் விரல்களை வைத்துக் கயிற்றின் இரண்டு நுனியையும் இழுத்தாள். ஒரு முடிச்சு. இரண்டு. மூன்று. மூன்றாவதை இறுக்கிவிட்டு, அவன் கைகளை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தாள்.

கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “பொண்ணே தனக்குத் தாலி கட்டிறதா? இது எங்கத்த முறை?”

பூரணம் திரும்பினாள். “நம்மட பக்கம் மாப்பிள்ளதான் பொண்ணுட வீட்டுக்கு வாற. வீடு அவள்ட, வளவு அவள்ட. முடிச்சயும் அவளே போட்டாள். இதில உனக்கென்ன கரைச்சல்?”

அதற்குப் பிறகுதான் மேளகாரருக்குத் தன் கையில் கோல் இருப்பது நினைவு வந்தது.